‘செம கேம்’ என்பதைத் தாண்டி: புது கேம்களை உருப்படியாக விமர்சிப்பது எப்படி

"கிராஃபிக்ஸ் சூப்பர், கதை சுமார், கேம்பிளே ஓகே, பத்துக்கு எட்டு." நாற்பது மணி நேரம் ஒரு கேமோடு மல்லுக்கட்டிவிட்டு நான் எழுதிய முதல் விமர்சனம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதை ஒரு கார் ரேஸ் கேமுக்கும் ஒட்டலாம், பேய் கேமுக்கும் ஒட்டலாம், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். படிக்கிறவர் தெரிந்துகொள்ள வந்தது வேறு: அந்த கேம் என் கைக்கு என்ன வேலை கொடுத்தது, நான் செய்ததற்கு அது என்ன பதில் சொன்னது, அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டதா. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எழுதியது சரிதானா என்று நாமே திரும்பப் போய்ச் சோதிப்பது. அதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, நானும் ரொம்ப நாள் செய்யவில்லை.

எங்கே செத்தீர்கள் என்று எழுதுங்கள்

"ரொம்ப கஷ்டம்" என்பது கருத்தே இல்லை, முனகல். எல்டன் ரிங்கை (2022) எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் தடியை ஓங்கிவிட்டு உடனே அடிக்க மாட்டான், அப்படியே கொஞ்ச நேரம் தொங்கவிடுவான். நாம் பதறிப்போய் அடியிலிருந்து தப்ப முன்கூட்டியே உருண்டுவிடுவோம், உருண்டு எழுந்திருக்கிற அந்த நொடியில்தான் தடி இறங்கும். இதை எழுதினால், பொறுமையாகக் கையைப் பார்த்து உருளக்கூடியவர் "அட, இது எனக்கானது" என்பார், பதற்றக்காரர் விலகிப் போவார். இரண்டு பேருக்கும் உங்கள் விமர்சனம் உதவியிருக்கிறது. கூடவே, அங்கே முடியாவிட்டால் திரும்பி வேறு பக்கம் போய்ச் சுற்றித் திரிந்து பலம் சேர்த்துக்கொண்டு வரலாம் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்தக் கஷ்டத்துக்கு கேமே வைத்திருக்கும் வடிகால் அது. அதை விட்டுவிட்டு முதலாளியை (பாஸ், அதாவது மார்கிட் மாதிரி வழிமறிக்கும் பெரிய எதிரி) மட்டும் திட்டினால் பாதி உண்மைதான்.

இதே கேமின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) 2024 ஜூனில் வந்தபோது பிசி கேம் கடையான ஸ்டீமில் ஆடியவர்கள் போட்ட விமர்சனங்கள் ‘கலவை’ என்ற நிலைக்கு இறங்கின. பிசியில் திக்கித் திக்கி ஓடியதும் ஒரு காரணம், எதிரிகளின் அடி தாங்க முடியவில்லை என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது புகாரில்தான் சுவாரசியம் இருக்கிறது. பழைய லெவல் எத்தனை இருந்தாலும் அந்தப் புதுநிலத்தில் பெரிதாக எடுபடாது, அங்கேயே கிடக்கும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கினால்தான் உடம்பு தேறும். நேராக முதலாளிகளைத் தேடி ஓடியவர்கள் நசுங்கினார்கள். சரி, இது ஆடியவர் தப்பா, கேமின் தப்பா? ஒரு வாரத்துக்குள் கேமைத் தயாரித்த ஃப்ரம்சாஃப்ட்வேரே ஒரு பேட்ச் (திருத்த அப்டேட்) போட்டு ஆரம்பத் துண்டுகளின் பலனைக் கூட்டியது. என்னைக் கேட்டால் துண்டு தேடுவது நல்ல யோசனை, அதன் முக்கியத்துவத்தை ஆடுகிறவருக்கு உணர்த்தியவிதம்தான் சொதப்பல். நீங்கள் மாற்றி நினைக்கலாம், ஆனால் சண்டை இப்போது ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றி நடக்கிறது, வெறும் "கஷ்டம்டா" "போடா, பழகிக்கோ" என்று இல்லை.

கணக்குப் போட முடிகிற இடத்தில் கணக்குப் போடுங்கள், இதைவிட வலுவான ஆதாரம் வேறு கிடைக்காது. ஹாலோ நைட்: சில்க்சாங் (2025 செப்டம்பர் 4) வந்ததும் எல்லோரும் கத்தியது இரட்டை அடியைப் பற்றி. தொடக்கத்தில் நாம் ஆட்டுவிக்கும் ஹார்னெட்டுக்கு ஐந்து முகமூடி உயிர். ஒரு அடிக்கு இரண்டு போனால் மூன்றாவது அடியில் கதை முடிந்தது. நான்கு முகமூடித் துண்டுகளைத் தேடி அலைந்து ஆறாவது முகமூடியை வாங்குகிறீர்கள், அப்புறமும் இரண்டிரண்டாகப் பிடுங்கும் எதிரியிடம் மூன்றாவது அடியில்தான் சாவீர்கள்! அவ்வளவு அலைச்சலுக்குக் கிடைத்த பரிசு அந்தச் சண்டையில் ஒன்றுமே செய்யவில்லை. "கேம் நியாயமில்லாமல் இருக்கிறது" என்று பத்து தடவை எழுதுவதைவிட இந்தக் கூட்டல் கழித்தல் ஒரு தடவை போதும். அதே நியாயத்துக்கு, ஒருமுறை குணப்படுத்தினால் மூன்று முகமூடி திரும்புகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ்நோக்கி அடிக்கும் அடி சாய்வாகப் போவதையும் பலர் திட்டினார்கள். முந்தைய கேமான ஹாலோ நைட்டில் நேர் கீழே குத்திப் பழகிய விரல் இங்கே தடுமாறும். அது குறையா, பழக்கதோஷமா? பிறகு கிடைக்கும் கிரெஸ்ட்களில் (அடிக்கும் விதத்தையே மாற்றும் சின்னங்கள்) நேராகக் குத்துகிற ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள், உங்கள் புகார் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

குறிப்பு எடுப்பது பற்றிச் சுருக்கமாக

முடித்த பிறகு யோசித்து எழுதினால் கடைசி இரண்டு மணி நேரம்தான் நினைவில் நிற்கும். ஒவ்வொரு முறை கண்ட்ரோலரைக் கீழே வைக்கும்போதும் இரண்டே வரி: ஏன் நிறுத்தினேன், நாளைக்கு எதற்காகத் திரும்ப வருவேன். அவ்வளவு போதும். முப்பது மணி நேரம் கழித்து அந்த வரிகளை வரிசையாகப் படித்தால் எந்த இடத்தில் ஆசை போய்க் கடமை வந்தது என்று பளிச்செனத் தெரியும். "தூக்கம் வந்தது" என்று நிறுத்தியதற்கும் "இன்னொரு காவல் கோபுரமா" என்று நிறுத்தியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எங்கே விட்டீர்கள் என்பதைச் சொன்னால் போதும். பன்னிரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்ட ஒருவர் ஏன் விட்டார் என்பதும் வாங்க நினைப்பவருக்குத் தேவைதான்.

எந்த சிரமநிலையில் ஆடினீர்கள், எந்த உதவி வசதிகளை ஆன் செய்தீர்கள் என்பதையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு பதுங்கிச் செல்லும் கேமை, எதிரிகள் கண் தெரியாதவர்கள் போல இருக்கிறார்கள் என்று கிழித்துத் தொங்கவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன், செட்டிங்ஸில் எதிரிகளின் பார்வையைக் குறைத்துவைத்திருந்ததே நான்தான்.

மெஷின் கோளாறா, கேம் கோளாறா

இது அலுப்பான பகுதி என்று நினைக்காதீர்கள், தவறான விமர்சனங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பிசியில் கேம் திக்குகிறது என்றால் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, திக்கிய அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள். முதல் தடவை மட்டும் திக்கி அடுத்த தடவை வழவழவென்று ஓடினால் அது பெரும்பாலும் ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சின்ன நிரல்கள்) அந்த நேரத்தில் தயாரித்துக்கொண்டிருப்பதால் வருவது. ஒவ்வொரு தடவையும் அதே கதவு, அதே தெருமுனையில் திக்கினால் உலகத்தின் அடுத்த பகுதியை ஏற்றும்போது மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ரெசல்யூஷனைத் தடாலென்று குறைத்துப் பாருங்கள். ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை) ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை என்றால் பிராசஸர். டிராகன்ஸ் டாக்மா 2 (2024 மார்ச்) நகரத்துக்குள் நுழைந்ததும் சரிந்தது இந்த இரண்டாவது வகை: அங்கே திரியும் ஒவ்வொரு ஆளுக்கும் பிராசஸர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது, கிராஃபிக்ஸைக் குறைத்தும் பெரிய பலன் இல்லை. "புதுக் கார்டு வாங்கினால் சரியாகிவிடும்" என்று அறிவுரை எழுதியவர்கள் பாவம் நிறைய பேரைச் செலவில் இழுத்துவிட்டிருப்பார்கள்.

எந்த மெஷினில் ஆடினீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்வதற்குச் சைபர்பங்க் 2077ஐவிட நல்ல காரணம் கிடையாது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது பிசி பிரதி மட்டுமே. அந்தப் பாராட்டுகளைப் படித்து பிளேஸ்டேஷன் 4லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் போட்டவர்கள் பார்த்தது வேறொரு கேம், ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது 2021 ஜூனில்தான். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் ஆடியதைப் பற்றி எழுதினார்கள், படித்தவர்கள் தங்கள் பெட்டிக்கும் அதுவே என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே தராசு எல்லாவற்றுக்கும் ஆகாது

ஒரு வகை கேமில் குறையாக இருப்பது இன்னொன்றில் மூச்சாக இருக்கும். "ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது" என்ற புகாரையே பாருங்கள். போக்கர் சீட்டை வைத்து ஆடும் பலாட்ரோ (2024) முழுக்கத் திரும்ப வருவதுதான்: எட்டு ஆன்ட்டே (கட்டங்கள்), ஒவ்வொன்றிலும் மூன்று பிளைண்ட் (எட்ட வேண்டிய இலக்கு), இடப்பக்கச் சிப்ஸை (புள்ளிகள்) வலப்பக்க மல்ட்டால் (பெருக்கும் எண்) பெருக்கு, போதவில்லையா, முதலிலிருந்து வா. அங்கே கேட்க வேண்டியது, தோற்ற ஆட்டத்தில் நான் எடுத்த எந்த முடிவு என்னைக் கவிழ்த்தது என்று சுட்டிக்காட்ட முடிகிறதா என்பதை. பத்து தோல்விகளை எழுதிவையுங்கள். ஏழில் "அந்த ஜோக்கரை (புள்ளியைக் கூட்ட உதவும் சிறப்புச் சீட்டு) விற்றிருக்கக்கூடாது" என்று விரல் நீட்ட முடிந்தால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஏழில் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பட்டால் உங்கள் புகாருக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது. என் அனுபவத்தில் சாதாரண நிலையில் முதல் வகைதான் அதிகம், மேல் ஸ்டேக்குகளில் (சிரமநிலைகளில்) ஏற ஏற வெல்லக்கூடிய வழிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன, 150 ஜோக்கர் இருந்தும் ஒரு சிலதையே தேட ஆரம்பிக்கிறேன்.

ப்ளூ பிரின்ஸிலும் (2025) அதிர்ஷ்டம் உண்டு, ஆனால் அது புதிர் கேம் என்பதால் எடை மாறுகிறது. ஒவ்வொரு கதவிலும் மூன்று அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீட்டை நாமே கட்டிக்கொண்டு போகிறோம், மறுநாள் எல்லாம் கலைந்துவிடும். முதல் பதினைந்து மணி நேரம் எந்த அறை வந்தாலும் ஏதாவது ஒரு துப்புக் கிடைக்கும், அதனால் அதிர்ஷ்டம் நண்பன். பிற்பாடு விடை தெரிந்துவிடுகிறது, அதைச் செய்துகாட்டத் தேவையான அறைதான் வந்து தொலைக்க மாட்டேன் என்கிறது. தெரியாததால் மாட்டிக்கொண்டோமா, தெரிந்தும் மாட்டிக்கொண்டோமா? புதிர் கேம் எதை விமர்சித்தாலும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்.

ஓபன் வேர்ல்டில் (இஷ்டப்படி சுற்றித் திரியும் பெரிய உலக கேம்களில்) திரும்ப வருவது வேறு மாதிரி உறுத்தும். ஸ்டார்ஃபீல்டில் (2023) ஆயிரத்துக்கு மேல் கிரகங்கள். ஆனால் ஒரு கிரகத்தில் சுத்தம் செய்த ஆய்வுக்கூடம் அடுத்த கிரகத்தில் அதே மேசை, அதே பிணம், அதே கடிதத்தோடு நிற்கும்போது ஆயிரம் என்ற எண்ணே எரிச்சலாகிவிடுகிறது. தரையில் ஓட்டிப் போக வண்டி வந்ததே 2024 ஆகஸ்டில்தான், அதுவரை நடை நடையென்று நடை. அப்படியென்றால் பழையதைத் திரும்பப் பயன்படுத்துவதே தப்பா? டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் (2023) முந்தைய செல்டாவின் நிலப்பரப்பையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. ஆனால் பொருட்களை ஒட்டிச் சேர்க்கும் அல்ட்ராஹேண்ட் சக்தி கையில் இருந்தால், முன்பு மூச்சுப் பிடித்து ஏறிய மலைக்கு இப்போது இரண்டு விசிறியை ஒட்டிப் பறந்து போகிறோம். இடம் பழசு, இடத்தோடு நமக்கிருக்கும் உறவு புதுசு. ஓபன் வேர்ல்ட் விமர்சனம் எழுதும்போது மேப் எவ்வளவு பெரிசு என்பதைக் கடைசியில் போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள்.

மாறி மாறி முறை வைத்து அடிக்கும் டர்ன் முறை ஆர்பிஜிக்களில் (பாத்திரமேற்று ஆடும் கேம்கள்) கையோட்டமும் கலந்துவிட்ட காலம் இது. கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33 (2025 ஏப்ரல்) எதிரியின் முறையிலும் நம்மைச் சும்மா இருக்கவிடாது, சரியான நொடியில் பேரி செய்தால் (அடியைத் தட்டிவிட்டால்) ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பலாம், தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆக, இங்கே இரண்டு தனித்தனிக் கருத்துகள் தேவை: கட்டமைப்பு எவ்வளவு ஆழம், நொடிக்கணக்கு எவ்வளவு நியாயம். முதலாவதைச் சோதிக்க வழி, கடைசிப் பகுதியில் 9,999 என்ற அடி உச்சவரம்பை உடைக்கும் பிக்டோஸ் (மாட்டிக்கொள்ளும் சக்திப் பொருள்) கிடைத்த பிறகு உங்கள் சண்டைகள் எத்தனை டர்ன் நீடிக்கின்றன என்று எண்ணுவது. என் கதையில் அதுவரை பயந்து நடுங்கிய ஆட்களெல்லாம் ஒரே டர்னில் போனார்கள், சந்தோஷமாகவும் இருந்தது, சப்பென்றும் இருந்தது. இரண்டாவதைச் சோதிக்க சிரமநிலையை ஒரு படி இறக்கி அதே எதிரியிடம் ஆடிப் பாருங்கள். உள்ளே திரியும்போது மினிமேப் (திரை மூலையில் தெரியும் குட்டி வரைபடம்) இல்லை என்பதும் அடிக்கடி வரும் புகார், எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் ஒரே சந்தில் மூன்று தடவை சுற்றியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சண்டை கேம்களில் உங்கள் தரநிலையைச் சொல்லாமல் எழுதுவது சமைக்காமல் உப்பு சரியா என்று சொல்வது போல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இன் (2023) மாடர்ன் கண்ட்ரோலில் ஒரே பட்டனில் ஸ்பெஷல் அடி வரும், பதிலுக்கு அந்த அடியின் பலம் குறையும். தொடக்கநிலையில் அது வரம், மேலே போனால் கணக்கே வேறு. "நான் இந்த ரேங்க்கில் இருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் இப்படி" என்று ஒரு வரி போதும். இருவர் சேர்ந்து ஆடுகிற ஸ்பிளிட் ஃபிக்ஷன் (2025) போன்றவற்றுக்கு யாரோடு ஆடினீர்கள், அவருக்குக் கண்ட்ரோலர் பழக்கமா என்பதைச் சொல்லுங்கள். திகில் கேமுக்கு ஒரே ஒரு குறிப்பு: பயம் எந்த இடத்தில் நின்றது, எதனால். பெரும்பாலும் துப்பாக்கிக்குத் தோட்டா மிஞ்ச ஆரம்பித்த இடமாகத்தான் அது இருக்கும்.

ஸ்ட்ராட்டஜி கேம்களில் பலரும் சறுக்குவது முந்தைய பாகத்தோடு ஒப்பிடுவதில். சிவிலைசேஷன் 7 (2025 பிப்ரவரி) வெளியானபோது ஆட்டத்தை மூன்று யுகங்களாக வெட்டி, யுகம் மாறும்போது நாகரிகத்தையே மாற்றச் சொன்னது. பலர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை, நடுவிலேயே வெற்றி உறுதியாகிவிட்டதால் சலித்து விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அதைத் தயாரித்த ஃபிராக்ஸிஸ் சொன்ன பின்னணி. "பழசு மாதிரி இல்லை" என்பது உணர்ச்சி, அதை எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதோடு இதையும் கேளுங்கள்: அவர்கள் தீர்க்க வந்த சிக்கல் தீர்ந்ததா? நீங்கள் கடைசி யுகம்வரை போனீர்களா, இல்லை யுகம் மாறும் திரையிலேயே மூடிவிட்டுப் போய்விட்டீர்களா?

வெளியான நாள் வேறு, நீங்கள் ஆடும் நாள் வேறு

கிரான் டூரிஸ்மோ 7 வந்தது 2022 மார்ச் 4. வந்து இரண்டு வாரத்தில் ஒரு அப்டேட், பல ரேஸ்களின் பரிசுப் பணம் குறைந்தது, கார் வாங்க ஆகும் நேரம் நீண்டது, உண்மையான பணம் போட்டால் மட்டும் வழி சுருக்கம். ஆடுகிறவர்கள் கொந்தளித்து, தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டு, பத்து லட்சம் கிரெடிட் கொடுத்து, பரிசுகளைத் திரும்ப ஏற்றினார்கள். வெளியீட்டுக்கு முந்தைய விமர்சனங்கள் எதிலும் இது இருந்திருக்க வழியே இல்லை. டெக்கன் 8இலும் (2024 ஜனவரி) உண்மையான பணத்தில் வாங்கும் கடை திறந்தது கேம் வந்து ஒரு மாதம் கழித்துதான். அதனால் ஆன்லைன் கடையோடு சம்பந்தப்பட்ட எதையும் முதல் வாரத்தில் "பணம் பிடுங்கவில்லை" என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள், "இதுவரை இல்லை" என்று மட்டும் எழுதுங்கள்.

அதே மாதிரி, ஸ்டீமில் தெரியும் சதவீதத்தை மார்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேருக்கும் கேம் ‘பரவாயில்லை’ ரகமாக இருந்திருக்கலாம். ஹெல்டைவர்ஸ் 2க்கு 2024 மே மாதத் தொடக்கத்தில் எதிர்மறை விமர்சனங்கள் லட்சக்கணக்கில் கொட்டின. பூச்சிகளைச் சுடுவது திடீரென்று போரடித்துவிட்டதால் இல்லை. பிளேஸ்டேஷன் கணக்கைக் கட்டாயமாக்கப் போவதாகச் சோனி அறிவித்தது, அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. சில நாட்களில் சோனி பின்வாங்கியது. அந்தக் கோபம் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன், விமர்சனத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் தனிப் பத்தியில். சண்டை எப்படி இருக்கிறது என்ற பத்தியில் அதைக் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். கேமின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியம் எதுவோ அதை அடியுங்கள். "விறுவிறுப்பு", "பிரம்மாண்டம்", "அடுத்த லெவல்" எல்லாம் அங்கேயே விழும். பாராட்டுக்கும் இதே சட்டம்தான், சொல்லப்போனால் திட்டும்போது நமக்குத் தானாகவே விவரம் வந்துவிடுகிறது, பாராட்டும்போதுதான் வார்த்தை பஞ்சமாகிறது. ஆஸ்ட்ரோ பாட் (2024) பிடித்தது என்றால் மணலில் நடந்தால் கண்ட்ரோலர் ஒரு மாதிரி அதிர்கிறது, கண்ணாடித் தரையில் வேறு மாதிரி டிக் டிக் என்கிறது, அதைக் கேட்பதற்காகவே திரும்ப ஒரு சுற்று நடந்தேன் என்று எழுதுங்கள். கதையைப் பற்றிச் சொல்லும்போது என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு அது உங்களை என்ன செய்தது, எந்தப் பகுதிவாக்கில் செய்தது என்று சொன்னால் ஸ்பாய்லர் (கதையின் திருப்பத்தை முன்கூட்டியே போட்டு உடைப்பது) பிரச்சினை பெரும்பாலும் வராது. மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால் கடைசியில் போடுங்கள், எழுதியதோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நான் பல தடவை ஆறு என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்து, எழுதி முடிக்கும்போது எட்டில் நின்றிருக்கிறேன்.

வெளியிடும் முன் மேலே மூன்று விவரம்: எந்த மெஷின், எந்த பேட்ச், எத்தனை மணி நேரம். சில்க்சாங்கின் முதல் பேட்ச்சிலேயே மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்ட்டர் போன்ற ஆரம்ப முதலாளிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். அதற்கு முன் அவர்களிடம் அடி வாங்கி எழுதியவரும், பிறகு ஆடி "என்ன இவ்வளவு புலம்பியிருக்கிறார்" என்று கேட்பவரும் வேறு வேறு எதிரிகளோடு சண்டை போட்டவர்கள். பேட்ச் வந்ததும் பழைய பத்தியை அழிக்காதீர்கள். கீழே தேதி போட்டு, திரும்பப் போய் ஆடிப் பார்த்தது என்ன ஆனது என்று இரண்டு வரி சேருங்கள். ஆடிப் பார்க்க நேரமில்லை என்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.